சேர், உயரத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – விமானி பதில்

போன இதழில், கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் போகும் பதினொரு மணி நேரத்தில் பெரும்பகுதி விமானத்தை ஓட்டுவது ஓட்டோ பைலட்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சிலர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள், சிலர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சென்னையில் இருக்கும் மகளைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு தரம் போய்வருகிறேன். உங்கள் வரியை வாசித்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர், "மெஷின் ஓட்டுது எண்டா பைலட்டுக்கு என்னத்துக்குச் சம்பளம்?" என்று கேட்கிறார். மேலே போனபிறகு அவர்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?
– வாசகி, தெகிவளை

பதில்: அம்மா, ஓடுபாதையில் ஓடி எழும்புவது கையால். எழும்பிக் கொஞ்சம் உயரம் பிடித்ததும் ஓட்டோ பைலட்டைப் போடுவோம். இறங்கும்போது வெளியே நன்றாகத் தெரிகிற நாளில், கடைசி ஆயிரம் அடி அளவில் அதை எடுத்துவிட்டுக் கையால் இறக்குவதுதான் பெரும்பாலும் வழக்கம். இடையில் உள்ள நேரத்தைப் பற்றித்தான் உங்கள் வீட்டுக்காரர் கேட்கிறார், சரி.

கொக்பிட்டில் இருக்கும் இருவரில் ஒருவர் ஓட்டுபவர், மற்றவர் கண்காணிப்பவர். முன்பெல்லாம் இரண்டாமவருக்கு "ஓட்டாத விமானி" என்றுதான் பெயர். அவருக்கு வேலையே இல்லை என்பது போல அந்தப் பெயர் ஒலித்ததால் பிறகு "கண்காணிக்கும் விமானி" என்று மாற்றினார்கள். பெயர் மாறியது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் ஒரு வேலையை வேலை என்று ஒப்புக்கொள்ளவே இந்தத் துறைக்கு எத்தனை விபத்து வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனது கனக்கிறது.

ஓட்டோ பைலட் நாம் சொன்னதைச் செய்யும். நாம் நினைத்தது அதற்குத் தெரியாது. 1992 ஜனவரி 20 இரவு பிரான்சில் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் இறங்கப்போன ஒரு எயார்பஸ் 320 மலையில் மோதியது. 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் இறங்கும் சரிவைக் குறிப்பதற்கும் இறங்கும் வேகத்தைக் குறிப்பதற்கும் எண் தெரியும் ஒரே ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிதான், அதைத் திருக ஒரே குமிழ்தான். 3.3 பாகைச் சரிவில் இறங்க நினைத்து 33 என்று வைத்திருக்கலாம் என்பதுதான் விசாரித்தவர்கள் பெரிதும் சந்தேகித்த விஷயம். பெட்டி வேகத்தைக் குறிக்கும் முறையில் இருந்தால் 33 என்பது நிமிடத்துக்கு 3,300 அடி. வேண்டியதைவிட நான்கு மடங்கு அளவுக்கு வேகமான இறக்கம். நடுவில் ஒரு புள்ளி இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். இயந்திரம், தனக்குக் கொடுத்ததைப் பிழையில்லாமல் செய்துமுடித்தது. பிறகு இறங்கும் வேகத்தை நான்கு இலக்கத்தில் காட்டும்படி அந்தப் பெட்டியை மாற்றினார்கள்.

எங்கள் முன்னால் உள்ள திரையின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரிசை ஓடும். ஓட்டோ பைலட் இப்போது எந்த முறையில் இருக்கிறது, அடுத்து எதைப் பிடிக்கப்போகிறது என்பதை அது சொல்லும். எயார்பஸ்ஸில் ஏதாவது மாறினால் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் பத்து விநாடி தெரியும், பிறகு மறைந்துவிடும், பெரும்பாலும் சத்தம் எதுவும் வராது. அந்தப் பத்து விநாடியில் நீங்கள் தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குனிந்திருந்தால் அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு மாற்றத்தையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும், மற்றவர் பார்த்துச் "சரி" சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரருக்கு இப்படிச் சொல்லுங்கள்: அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்குகிறதா என்று பக்கத்திலேயே நிற்பது போன்ற வேலை. ஆனால் பத்து மணி நேரம் நிற்க வேண்டும், அதுவும் பத்து வருடத்தில் ஒருதரமும் பொங்காத பால். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குத்தான் சம்பளம்.

கேள்வி: ஒரு பல்ப் எரியவில்லை என்பதற்காக மூன்று விமானிகள் உயரத்தைக் கவனிக்காமல் விட்டு நூறு பேரைக் கொன்றார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இது உண்மையா? படித்தவர்கள் இப்படிச் செய்வார்களா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உண்மைதான். "கொன்றார்கள்" என்ற சொல்லை மட்டும் நான் எழுதமாட்டேன். முழுக் கதையையும் கேளுங்கள், ஏனென்றால் விமானி வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம்.

1972 டிசெம்பர் 29 இரவு. ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் 401, நியூயோர்க்கிலிருந்து மியாமிக்கு. லொக்ஹீட் டிரைஸ்டார், அந்தக் காலத்தில் மிக நவீனமான விமானம், 176 பேர். இறங்கப்போகும்போது முன்சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை லைட் எரியவில்லை. சக்கரம் இறங்கவில்லையா, அல்லது லைட்தான் பழுதா என்று தெரியாது. சரியான முடிவைத்தான் எடுத்தார்கள். இறங்குவதை நிறுத்திவிட்டு 2,000 அடிக்கு ஏறி, ஓட்டோ பைலட்டிடம் உயரத்தைக் கொடுத்துவிட்டு, லைட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். கீழே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம், ஒரு வீட்டு வெளிச்சம்கூட இல்லை, நிலவும் இல்லை.

லைட் மூடியைக் கழற்றினார்கள், திரும்பப் போடும்போது அது பிழையாக மாட்டிக்கொண்டு இறுகிவிட்டது. துணை விமானி அதோடு மல்லுக்கட்டினார். அந்தக் காலத்தில் கொக்பிட்டில் மூன்றாவது ஆளாக ஒரு பொறியியலாளரும் இருப்பார், அவரைக் கீழே உள்ள அறைக்குப் போய்ச் சக்கரத்தைக் கண்ணால் பார்க்கச் சொன்னார் கப்டன். அவரிடம் பேசத் திரும்பியபோது கப்டனின் உடம்பு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அழுத்தியிருக்க வேண்டும். அந்த மெல்லிய அழுத்தத்தில் ஓட்டோ பைலட் உயரத்தைப் பிடித்துவைத்திருப்பதை விட்டுவிட்டது. முழுதாக நிற்கவில்லை என்பதுதான் கொடுமை. நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அது ஓடிக்கொண்டேதான் இருந்தது, உயரத்தை மட்டும் கைவிட்டுவிட்டு. விமானம் யாருக்கும் உடம்பில் தெரியாத அளவு மெதுவாகக் கீழே போனது. 250 அடி இறங்கியதும் ஒரு மணிச் சத்தம் வந்தது, அரை விநாடி. அது வந்தது பொறியியலாளரின் இடத்தில், அவரோ கீழே போயிருந்தார். ஒலிப்பதிவில் அந்த மணி கேட்கிறது, கொக்பிட்டில் யாரும் அதற்குத் திரும்பிப் பேசியதாக இல்லை.

இன்னொரு விஷயம் என்னை நெடுநாள் தூங்கவிடவில்லை. தரையில் இருந்த கட்டுப்பாட்டாளரின் ராடாரில் விமானம் 900 அடி என்று காட்டியது. அவர் கேட்டது, அங்கே விஷயம் எப்படிப் போகிறது என்று மட்டும்தான். விமானிகள் லைட்டைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, திரும்பி வருகிறோம் என்றார்கள். "உங்கள் உயரம் 900 என்று காட்டுகிறது" என்று ஒரு வாக்கியம் வந்திருந்தால்! அவர்மேலும் நான் பழி போடவில்லை, அந்தக்கால ராடார் சிலவேளை பிழையான உயரத்தைக் காட்டும். ஆனால் மனதில் இருந்த எண் வாய்க்கு வரவில்லை.

கடைசிச் சில விநாடிகளில் துணை விமானி, உயரத்தில் ஏதோ செய்துவிட்டோம், இன்னும் இரண்டாயிரத்தில்தானே இருக்கிறோம் என்று கேட்கிறார். அதன்பிறகு பதிவில் அதிகம் இல்லை. 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாக இறங்கித்தான் இருந்தது. பழுது, லைட்டுக்குள் இருந்த சின்னப் பல்புகள்.

"அது பழைய காலம், இப்போது கணினி இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். 2009 பெப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம், துருக்கிய விமானம், போயிங் 737. நிலத்திலிருந்து உயரத்தை அளக்கும் இரண்டு கருவிகளில் ஒன்று பழுதாகி, காற்றில் நிற்கும் விமானத்துக்கு உயரம் மைனஸ் 8 அடி என்று சொன்னது. தரையைத் தொடப்போகிறோம் என்று நம்பிய தானியங்கி, இயந்திரங்களின் வேகத்தை முழுதாகக் குறைத்துவிட்டது. அன்று கொக்பிட்டில் இருவர் இல்லை, மூன்று விமானிகள். வேகம் அளவுக்கு மீறிக் குறைந்துகொண்டிருந்ததை மூவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அப்போதுதான் வேகத்தைக் குறைக்க வேண்டிய கட்டமும்கூட, இயந்திரத்தின் சத்தம் அடங்கியது அவர்களுக்கு இயல்பாகவே பட்டிருக்கும். பறக்க வேகம் போதாது என்று கைப்பிடி நடுங்கி எச்சரித்தபோது உயரம் 460 அடி. மூன்று விமானிகளோடு சேர்த்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

மூன்று சோடிக் கண்கள். மூவரும் படித்தவர்கள்தான், தம்பி.

கேள்வி: இரண்டு விமானிகளும் தூங்கிவிட்டார்கள் என்று ஒரு செய்தி வந்ததே, அது கட்டுக்கதையா?
– வாசகர், வத்தளை

பதில்: கட்டுக்கதை இல்லை. 2024 ஜனவரி 25, இந்தோனேசியாவில் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா போன பட்டிக் எயார் விமானம். கப்டன் முதலில் ஓய்வெடுத்தார், பிறகு துணை விமானியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் கண்ணயர்ந்தார், துணை விமானியும் தூங்கிவிட்டார். 28 நிமிடம் யாரும் விழித்திருக்கவில்லை. விமானம் பாதை விலகியிருந்தது, ஆனால் பத்திரமாக இறங்கியது. அந்தத் துணை விமானி வீட்டில் ஒரு மாதக் கைக்குழந்தைகள், இரட்டையர்கள். இதை நான் மெத்தனத்தோடு சேர்க்கமாட்டேன். இது களைப்பு. களைத்த மனிதனைக் கண்டித்துப் பயன் இல்லை, வீட்டுக்கு அனுப்பித் தூங்கவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் சப்தகன்னி மலையில் ஹஜ் யாத்திரிகர்கள் வந்த விமானம் மோதியதை அப்பா இன்னும் சொல்லுவார். அதுவும் இப்படிப்பட்ட கவனக்குறைவுதானா?
– ஆசிரியை, ஹட்டன்

பதில்: 1974 டிசெம்பர் 4. மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் போகும் வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. 191 பேர், ஒருவரும் தப்பவில்லை. உங்கள் அப்பாவைப் போல மலையகத்தில் அந்த இரவை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நோர்ட்டன்பிரிட்ஜில் நினைவுச் சின்னமும் இருக்கிறது.

அன்று ஓட்டோ பைலட் பிழை செய்யவில்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாக எடுத்துக்கொண்டார்கள். இன்னும் மலைநாட்டைத் தாண்டாத நிலையில் கரையோரச் சமதரையை நெருங்கிவிட்டதாக நம்பி இறங்கினார்கள். அந்தக்கால டொப்ளர் கருவி புறப்பட்ட இடத்திலிருந்து வந்த தூரத்தையும் திசையையும் கூட்டிக் கூட்டித்தான் இடத்தைச் சொல்லும், பிழையும் கூடவே கூடிக்கொண்டு வரும். இன்றைக்கு விமானத்துக்குள்ளேயே உலகத்து மலைகளின் வரைபடம் இருக்கிறது, கிட்டப் போனால் கத்தி எச்சரிக்கும். அப்படி ஒன்று அன்று இல்லை. அதனால் அவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு கருவி காட்டியதை இன்னொன்றோடு ஒத்துப்பார்க்காமல் நம்பியது என்று மட்டும் சொல்வேன், அந்த நம்பிக்கை இன்றைக்கும் கொக்பிட்டுக்குள் இருக்கிறது.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்கிறேன். நான்கு வருடம் கழித்து, 1978 நவம்பர் 15 இரவு, இன்னொரு டிசி-8, ஐஸ்லாந்து நிறுவனத்தினுடையது, ஹஜ் முடித்தவர்களை ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்கு ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவுக்கு வந்தபோது ஓடுபாதைக்கு முன்னால் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடம் முடித்த பையன், பத்திரிகையில் வந்த அந்தத் தென்னைமரப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் காட்டும் கருவிகளை விமானிகள் சரியாகப் பார்க்கவில்லை, துணை விமானி சொல்ல வேண்டிய எண்களைச் சொல்லவில்லை என்று நம் நாட்டு விசாரணை சொன்னது. ஐஸ்லாந்துத் தரப்பு, தரையில் இருந்த கருவிகளிலும் கட்டுப்பாட்டிலும் குறை என்றது. எது எவ்வளவு என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் "துணை விமானி சொல்லவில்லை" என்ற அந்த வரியை நான் பயிற்சி கொடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். அது நடந்தது வேறு ஒரு நாட்டில் இல்லை, நாங்கள் தினமும் இறங்குகிற அதே பாதையில்.

கேள்வி: பத்திரிகைகளில் எந்த விபத்துக்கும் "கவலையீனமே காரணம்" என்று எழுதுகிறோம். நீங்கள் சொல்லும் இந்த நிலைக்கு அந்தச் சொல் பொருந்துமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வெள்ளவத்தை

பதில்: பொருந்தாது ஐயா. கவலையீனம் என்றால் கவலையே இல்லை என்று ஆகிவிடும். இவர்கள் கவலைப்பட்டவர்கள், அக்கறையுள்ளவர்கள், வேறு ஒன்றில் மும்முரமாக இருந்தவர்கள். மெத்தனம் என்ற சொல் கொஞ்சம் கிட்ட வருகிறது. "அது பார்த்துக்கொள்ளும்" என்று மனது தன்னை அறியாமல் சாய்ந்துவிடுவதற்கு நல்ல ஒரு சொல் உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், இந்தப் பத்தியில் இனி அதையே பாவிக்கிறேன்.

கேள்வி: அண்மையில் ஜப்பானிலிருந்து வந்த ஒரு கார் வாங்கினேன். முன்னால் போகும் வாகனத்தைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைக்கும், கோட்டுக்குள் தானே நிற்கும். மாத்தறைக்கு அதிவேகப் பாதையில் போகும்போது கால், கை இரண்டுக்கும் ஓய்வு. நீங்கள் எழுதுவது எனக்கும் பொருந்துமா?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: எங்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். 35,000 அடியில் ஏதாவது கோளாறு என்றால் எங்களுக்குப் பெரும்பாலும் யோசிக்க நேரம் கிடைக்கும். மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் காரில் மூன்று விநாடி என்றால் 80 மீற்றருக்கு மேல் போயாயிற்று.

மனது எவ்வளவு நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் என்பதை 1940களிலேயே அளந்துவிட்டார்கள். நோர்மன் மக்வர்த் என்ற பிரித்தானிய உளவியலாளர், ராடார் பார்க்கும் படையினரை மனதில் வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு வெற்று மணிக்கூடு, அதில் ஒரு முள், ஒவ்வொரு அடியாகத் துள்ளும். எப்போதாவது ஒருதரம் இரண்டு அடி சேர்த்துத் துள்ளும், அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இவ்வளவுதான் வேலை. அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிப்பது குறையத் தொடங்கிவிட்டது. அரை மணி நேரம் என்றால் அதிவேகப் பாதையில் நீங்கள் வெலிப்பன்னை அளவில்தான் இருப்பீர்கள்.

இரண்டாவது ஆபத்து, அது திடீரென்று கையைவிடும் நேரம். 2009 ஜூன் 1, எயார் பிரான்ஸ் 447, ரியோவிலிருந்து பாரிஸ், எயார்பஸ் 330. நடுக்கடலுக்கு மேலே, கப்டன் ஓய்வெடுக்கப் போயிருந்த நேரம், வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்தது, வேகம் தெரியாமல் ஓட்டோ பைலட் விலகிக்கொண்டது. குழாய்கள் ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டன. ஆனால் அதற்குள் கையில் வாங்கிய துணை விமானி மூக்கை மேலே இழுத்துவிட்டார், விமானம் தூக்குவிசையை இழந்து நாலரை நிமிடத்துக்குள் கடலில் விழுந்தது, 228 பேர். அவ்வளவு உயரத்தில் கையால் ஓட்டிப் பழகும் சந்தர்ப்பம் அவர்களுக்கு மிகக் குறைவாகத்தான் கிடைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க, நல்ல காலநிலையில் அவ்வப்போது ஓட்டோ பைலட்டை எடுத்துவிட்டுக் கையால் ஓட்டுங்கள் என்று விமானிகளுக்கு அழுத்திச் சொல்லத் தொடங்கினார்கள்.

ஆகவே நீங்களும் கொட்டாவையில் ஏறி மாத்தறையில் இறங்கும்வரை அதைப் போட்டே வைத்திருக்காதீர்கள். பாதி வழிக்குக் கையால் ஓட்டுங்கள். போட்டிருக்கும் நேரத்திலும் கை ஸ்டியரிங்கில் இருக்கட்டும், கண்ணாடியில் பின்னால் வருபவரைப் பாருங்கள், வேகத்தை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் மனைவி இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், கட்டாயம் பதில் சொல்வார்.

கேள்வி: இரத்மலானையில் பறக்கப் பழகுகிறேன். நாளைக்கு ஒரு பெரிய விமானத்தில் துணை விமானியாகப் போனால், இருபத்தைந்து வருடம் ஓட்டிய கப்டன் பிழை விடுவதைக் கண்டால் எப்படிச் சொல்வது? வீட்டில் அப்பாவிடமே எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.
– மாணவர், கொழும்பு 13

பதில்: மகன், கூச்சப்படாதீர்கள். இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே முக்கியமானது உங்களுடையதுதான், அதனால்தான் கடைசிக்கு வைத்தேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து இரவு திரும்பிக்கொண்டிருக்கிறோம், அன்றைக்கு அது எங்களுடைய நான்காவது பயணம். நான் கப்டன், ஓட்டுபவனும் நான்தான். பக்கத்தில் காலியைச் சேர்ந்த ஒரு சிங்களப் பையன், துணை விமானியாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கட்டுப்பாட்டிலிருந்து 6,000 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். அவர் வானொலியில் 6,000 என்று சரியாகத் திருப்பிச் சொல்கிறார், அதே நேரத்தில் என் கை ஓட்டோ பைலட்டுக்கு உயரத்தைக் கொடுக்கும் குமிழைத் திருகி 5,000 வைக்கிறது. அந்தப் பாதையில் நூற்றுக்கணக்கான தரம் வந்திருக்கிறேன், அந்த இடத்தில் எனக்கு வழக்கமாகக் கிடைப்பது 5,000. காதில் விழுந்ததை நான் திருகவில்லை, எதிர்பார்த்ததைத் திருகினேன். என் காதுக்கு 5,000 என்றே கேட்டது என்று அப்போது கேட்டிருந்தால் சத்தியம் செய்திருப்பேன்.

அந்தப் பையன் சுட்டுவிரலை அந்த எண் தெரியும் சின்னப் பெட்டிக்கு முன்னால் நீட்டி, தொடாமல், "சேர், சிக்ஸ் தவுசண்ட்" என்றார். நான், "பைவ் என்றுதானே சொன்னார்கள்" என்றேன், கொஞ்சம் எரிச்சலாகத்தான். அவர் விரலை எடுக்கவில்லை. "இல்லை சேர், சிக்ஸ். நான் கேட்கிறேன்" என்று சொல்லி, என் பதிலுக்குக் காத்திராமல் வானொலியில் கேட்டார். 6,000தான். விமானம் இன்னும் எட்டாயிரத்துக்கு மேலேதான் இருந்தது, எண்ணை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. பயணிகளில் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள்.

இறங்கி இயந்திரங்களை நிறுத்தியபிறகு அவரிடம் நன்றி சொன்னேன். அப்போது அவர் சொன்னார், "சொல்லலாமா என்று மூன்று விநாடி யோசித்தேன் சேர்" என்று. நிமிடத்துக்கு 1,500 அடி வீதம் இறங்கும் விமானம் மூன்று விநாடியில் 75 அடி இறங்கிவிடும். மரியாதைக்கு நாங்கள் கொடுக்கும் விலை அது. அதைக் குறைக்கும் பொறுப்பு முதலில் கப்டனுக்கு, பிறகுதான் உங்களுக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பக்கத்தில் இருப்பவரிடம் நானே சொல்லத் தொடங்கினேன், "நான் இன்றைக்கு ஒரு பிழையாவது விடுவேன், கண்டுபிடித்துச் சொல்லுங்கள்" என்று. அப்படிச் சொன்ன நாட்களில் துணை விமானிகள் அதிகம் பேசினார்கள்.

உங்கள் பக்கத்துக்கு நான் சொல்லக்கூடியது இது. பிழை என்று சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். "சேர், பிழையாக வைத்துவிட்டீர்கள்" என்றால் அது மனிதனைப் பற்றிய பேச்சு, அவர் தன்னைக் காப்பாற்றப் பார்ப்பார். "சேர், உயரம், சிக்ஸ் தவுசண்ட்" என்றால் இருவரும் பெட்டியைப் பார்ப்பீர்கள். அதிலே எந்த மரியாதைக் குறைவும் கிடையாது. அப்பாவின் சட்டையில் பொத்தான் திறந்திருந்தால் சொல்லமாட்டீர்களா? கேட்கவில்லை என்றால் இரண்டாம் தரம் சத்தமாக, என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை, நிலமும் கிட்ட வருகிறது என்றால், "ஐ ஹேவ் கொன்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தைக் கையில் வாங்குங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு, கடமையும் அதுதான்.

மறைமுகமாக மட்டும் சொல்லாதீர்கள். 1978 டிசெம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம், யுனைட்டட் 173. அங்கேயும் சக்கரத்தில் சந்தேகம், கப்டன் அதிலேயே மூழ்கி வட்டமடித்துக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைகிறது என்பது பொறியியலாளருக்குத் தெரியும், சொல்லவும் சொன்னார், ஆனால் கப்டனின் மனதில் தைக்கும்படி சொல்லவில்லை. எரிபொருள் முடிந்து விமானம் விழுந்தது, பத்துப் பேர் இறந்தார்கள், அந்தப் பொறியியலாளரும் அதில் ஒருவர். கொக்பிட்டில் எப்படிப் பேசுவது என்பதையே ஒரு பாடமாகப் படிப்பிக்கும் முறை உலகத்தில் வேரூன்றியது அதற்குப் பிறகுதான். இப்போது எல்லா நிறுவனங்களிலும் கட்டாயம், நீங்களும் அந்த வகுப்பில் உட்காருவீர்கள். ஆனால் வகுப்புவரை காத்திருக்க வேண்டாம்.

இரத்மலானையில் சின்ன விமானத்தில் தனியாகப் போகும்போதே தொடங்குங்கள். ஒவ்வொரு ஆயிரம் அடியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இறங்கும் சரிபார்ப்புப் பட்டியலை மனதுக்குள் வாசிக்காமல் சத்தமாக வாசியுங்கள், பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும். முதல் சில நாள் பைத்தியம் மாதிரி இருக்கும். அப்புறம் வாய் பழகிவிடும், யோசிக்கிற அந்த மூன்று விநாடி ஒரு விநாடியாகும்.

அந்தக் காலிப் பையன் இப்போது கப்டனுக்குரிய இடதுபக்க இருக்கையில் உட்காருகிறார். போன வருடம் அவர் விமானத்தில் பயணியாகப் போனேன். ஏறும்போது கொக்பிட் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன், தன் துணை விமானியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். "இன்றைக்கு நான் ஒரு பிழையாவது விடுவேன்" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.